கோல்கொண்டாவுக்கு ஒரு மணி நேரம் போதாது: ஐதராபாத் ஒருநாள் சுற்றுலாப் பேருந்து குறித்து ஒரு மதிப்பீடு

ஐதராபாத்தின் வரலாற்றுச் சின்னங்களை ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லிப் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் அந்நகரில் பல இயங்குகின்றன. காலை எட்டு மணியளவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, பிர்லா மந்திர், சார்மினார், மக்கா மசூதி, சவுமஹல்லா அரண்மனை, சாலார் ஜங் அருங்காட்சியகம், கோல்கொண்டா கோட்டை, உசேன் சாகர் ஏரி என்ற வரிசையில் சுற்றிவிட்டு, இருட்டிய பிறகு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் அத்தகைய தனியார் சேவை ஒன்றில் குடும்பத்துடன் சென்றுவந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. வண்டியிலோ ஓட்டுநரிடமோ எனக்குக் குறை ஏதும் இல்லை; வரலாற்றைத் தலைகீழாக அடுக்கி, பார்க்க வேண்டியதற்குக் குறைந்த நேரத்தையும் பார்க்காவிட்டாலும் பாதகமில்லாததற்கு அதிக நேரத்தையும் ஒதுக்கும் பயணத்திட்டமே என் குறை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதன வசதி நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்தது, இருக்கைகள் தூய்மையாக இருந்தன, குடிநீர் கொடுத்தார்கள், சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டார்கள். கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குள்தான். நுழைவுச்சீட்டுகளும் மதிய உணவும் அதில் அடங்காது என்பதை முன்பதிவின்போதே தெளிவாகத் தெரிவித்தார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசினார். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள் வண்டியில் கணிசமாக இருந்ததைக் கவனித்து, கற்றுவைத்திருந்த தமிழ்ச் சொற்களையும் கலந்துகொண்டார். முதியவர்களை இறங்கும் இடத்தில் கைபிடித்து இறக்கிவிட்டார். இத்தனை மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் வரலாற்றைக் கோவையாகச் சொல்ல முடியாதபடி ஒரு வரிசையைத் திட்டமிட்டது யார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

காலையில் முதல் நிறுத்தம் நவ்பத் பஹாட் குன்றின்மீதுள்ள பிர்லா மந்திர். 1976ல் கட்டிமுடிக்கப்பட்ட இந்த வெண்சலவைக்கல் கோயிலில் வேங்கடாசலபதி குடிகொண்டிருக்கிறார். அமைதி கெடக்கூடாது என்பதற்காக இங்கு மணிகளே வைக்கவில்லை. கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். குன்றிலிருந்து உசேன் சாகரும் நகரின் வடபகுதியும் நன்றாகத் தெரிகின்றன. வழிபட விரும்புவோருக்கு நிறைவான இடம்தான்; ஆனால் ஐம்பது ஆண்டு வயதுடைய கட்டடத்தை வரலாற்றுச் சுற்றுலாவின் தொடக்கமாக வைப்பதற்கு, காலையில் அங்கே கூட்டம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து சார்மினார். பேருந்து அருகில் செல்ல முடியாது என்பதால் சற்றுத் தொலைவில் நிறுத்தி நடத்திச் சென்றார்கள். கொடுத்த நேரம் அரை மணி. அதில் நுழைவுச்சீட்டு வரிசையிலேயே பாதி கரைந்துவிட்டதால், எங்கள் குழுவில் மேலே ஏறியவர்கள் மிகச் சிலர். மினார்களுக்குள் 149 படிகள் சுழன்று செல்கின்றன. பார்வையாளர்களை முதல் தளம் வரைதான் விடுகிறார்கள், மேற்றளத்திலுள்ள பள்ளிவாசலுக்கு அனுமதி இல்லை. படிக்கட்டு குறுகலானது, இருட்டானது, ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவருக்கொருவர் ஒதுங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்பேன். சார்மினார் தன்னளவில் ஒரு கட்டடம் மட்டுமல்ல, ஒரு நகர வரைபடத்தின் நடுப்புள்ளி. அந்த வரைபடம் மேலே ஏறி நின்றால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மரபின் ஐந்தாம் சுல்தானான முகம்மது குலி 1591ல் ஐதராபாத்தை நிறுவியபோது, அவருடைய அமைச்சர் மீர் மொமின் அஸ்தராபாதி வகுத்த திட்டப்படி, நான்கு திசைகளிலிருந்தும் வரும் சாலைகள் சந்திக்கும் இடத்தில் இதை எழுப்பினார்கள். வடக்கே பார்த்தால் குல்சார் ஹவுஸ் என்னும் நீர்த்தொட்டியும், அதைச் சுற்றி சார் கமான் எனப்படும் நான்கு பெரும் வளைவுகளும் தெரியும். அவற்றில் ஒன்று அரண்மனைக்குச் செல்லும் வழியாக இருந்தது. இன்று அந்த வளைவுகளைக் கடைகளின் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும் அணைத்துக்கொண்டிருந்தாலும், நேர்கோட்டில் வைத்த அந்த ஒழுங்கு இன்னும் சிதையவில்லை. கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டப்பட்டது என்பது ஊரார் சொல்வது. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு பிறந்ததை ஒட்டிக் கட்டப்பட்டது என்பது ஆய்வாளர் பலர் சுட்டுவது. எங்கள் வழிகாட்டியோ இரண்டையும் விட்டுவிட்டு, சுல்தானுக்கும் பாக்மதி என்ற நடனமங்கைக்கும் இருந்த காதல் கதையை மட்டும் சுவைபடச் சொன்னார். அக்கதைக்கு வரலாற்றுச் சான்று போதாது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவருகிறார்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்திருந்தால் கதையின் சுவை குறைந்திருக்காது. தக்கனி மொழியில் ஒரு பெரிய கவிதைத் தொகுப்பையே விட்டுச்சென்ற அரசர் அவர் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

சுவர்களிலுள்ள சுண்ணாம்புச் சுதை வேலைப்பாடுகளை நின்று பார்க்க வேண்டும். பூக்களும் கொடிகளுமாக ஒரு சாண் இடத்தைக்கூட வெறுமையாக விடாமல் இழைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் உள்ள கடிகாரங்கள் 1889ல் வைக்கப்பட்டவை. 2019ல் ஒரு மினாரிலிருந்து சுதைப் பகுதி பெயர்ந்து விழுந்தது. சுற்றிலும் நடக்கும் வாகனப் புகையும் அதிர்வும் இந்தச் சுண்ணாம்புக்கு நல்லதல்ல என்பதைச் சொல்வதற்கு நிபுணராக இருக்கத் தேவையில்லை.

மக்கா மசூதி இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. 1617ல் தொடங்கி, இடையில் ஆட்சியே கைமாறி, ஔரங்கசீப் காலத்தில் 1694ல் முடிந்த கட்டடம் இது. கருங்கல்லின் பருமனும் தொழுகைக்கூடத்தின் உயரமும் சார்மினாரின் நுணுக்கத்துக்கு நேர் எதிரானவை. மக்காவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் செய்த செங்கற்களை நடு வளைவில் வைத்துக் கட்டினார்கள் என்பது மரபுச் செய்தி. முற்றத்தை ஒட்டிய நீண்ட மண்டபத்தில் பின்னாளில் ஐதராபாத்தை ஆண்ட ஆசப் ஜாஹி மரபினரான நிஜாம்களில் இரண்டாமவர் முதல் ஆறாமவர் வரையிலானோரின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. இந்த ஊரை மாறிமாறி ஆண்ட குதுப் ஷாஹி, முகலாயர், ஆசப் ஜாஹி ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே வளாகத்தில் கல்லாகப் பதிந்திருக்கும் இடம் இதைவிட வேறில்லை. இதையும் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். தொழுகை நேரங்களில் உள்ளே பார்வையாளர்களுக்கு இடமில்லை. தோளும் காலும் மறையும் உடை அவசியம்.

அருகிலுள்ள லாட் பஜாரில் அரக்கு வளையல் வாங்க நேரம் கேட்ட பெண்களுக்கு, மதியத்துக்கு மேல் வேறொரு நல்ல கடைக்கு அழைத்துச் செல்வோம் என்று பதில் வந்தது. அந்தக் கடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சவுமஹல்லா அரண்மனைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது இந்தத் திட்டத்தின் ஒரே சரியான கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் நிஜாம் அப்சலுத் தௌலாவின் காலத்தில் நிறைவுபெற்ற இந்த வளாகம், கில்வத் முபாரக் என்னும் தர்பார் மண்டபத்தைத் தலையாகக் கொண்டது. நிஜாம்கள் பட்டமேற்ற சலவைக்கல் மேடைக்கு மேலே பத்தொன்பது பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. பின்னால் அப்சல் மஹல், மஹ்தாப் மஹல், தஹ்னியத் மஹல், அஃப்தாப் மஹல் ஆகிய நான்கும் ஒரு நீர்த்தடாகத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. பாழடைந்து கிடந்த இடத்தை நிஜாம் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசி எஸ்ராவின் முயற்சியில் மீட்டெடுத்தார்கள். அந்தப் பணிக்கு 2010ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுச் சின்னப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழுதுபார்த்த இடங்களில் புதிய பூச்சு துருத்திக்கொண்டு தெரியாதபடி செய்திருப்பதைப் பாராட்ட வேண்டும். பழைய கார்கள் நிற்கும் கூடத்தில் குழந்தைகள் 1912ஆம் ஆண்டு மஞ்சள் ரோல்ஸ் ராய்சை விட்டு நகர மறுத்தார்கள். எனக்குப் பிடித்தது புகைப்படங்கள். உலகின் பெருஞ்செல்வந்தர் என்று பேசப்பட்ட ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான், கசங்கிய ஷெர்வானியோடு நிற்கும் படங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த ஒதுக்கீட்டில் எனக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியகம் மட்டமானது என்பதால் அல்ல. அது இவ்வளவு பெரியது என்பதால், இரண்டு மணி நேரம் அதற்கும் போதாது, மற்றவற்றின் நேரத்தையும் தின்றுவிடுகிறது. மூன்றாம் சாலார் ஜங் எனப்பட்ட மீர் யூசுப் அலி கான் 1949ல் மறைந்தபோது வாரிசின்றி விட்டுச்சென்ற சேகரிப்பு, 1951ல் அவருடைய மாளிகையிலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 1968ல் மூசி ஆற்றங்கரையிலுள்ள இப்போதைய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே மனிதர் சேர்த்தார் என்று சொல்வது வழக்கம். ஆனால் எல்லோரும் தேடிச் செல்லும் முக்காடிட்ட ரெபெக்கா சிலையை, அவருடைய பாட்டனாரான முதலாம் சாலார் ஜங் 1876ல் இத்தாலிப் பயணத்தில் வாங்கினார். பென்சோனி என்ற சிற்பி செதுக்கிய அச்சலவைக்கல்லில் முகத்திரை நனைந்த மெல்லிய துணிபோலவே தெரிகிறது. கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தில் வரும் சாத்தானான மெபிஸ்டோபிலிசை முன்புறமும் நாயகி மார்கரெட்டாவைப் பின்புறமுமாக ஒரே மரத்தில் செதுக்கிய சிற்பத்துக்குப் பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

மணிக்கொரு முறை ஒரு குட்டிப் பொம்மை வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன், பன்னிரண்டு மணி நெருங்கும்போது கூட்டம் அலைமோதுகிறது. பன்னிரண்டு அடிகளை எண்ணுவதற்காக அரை மணி முன்பே தரையில் அமர்ந்துவிட்ட பள்ளிக் குழந்தைகளின் மகிழ்ச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பேருந்தின் நேர அட்டவணையே அந்த மணியோசையைச் சுற்றி அமைக்கப்பட்டிருந்ததுதான் வேடிக்கை. அதற்காகவே சார்மினாரில் அவசரப்படுத்தினார்கள் என்று பின்னர் தெரிந்தது. கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்திடமிருந்து வந்த கடிகாரத்துக்குக் கொடுத்த மரியாதையை, ஐதராபாத்தின் நடுப்புள்ளியான சார்மினாருக்குக் கொடுக்கவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து பார்த்தால் மூசி ஆறு தெரிகிறது. அடுத்த கரையிலுள்ள உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்து நகரை அழித்தபோது, அந்த மரத்தில் ஏறித் தொற்றிக்கொண்ட ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகே பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டு, மேற்கே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். இன்றைய உயர்நீதிமன்றமும் மருத்துவமனையும் ஆற்றங்கரையை அழகுறச் செய்ததும் அதன் தொடர்ச்சியே. பேருந்து பாலத்தைக் கடந்த அந்த நிமிடங்களில் வழிகாட்டி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மதிய உணவுக்கு எத்தனை பேர் சைவம் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

மதிய உணவுக்கு அழைத்துச் சென்ற உணவகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரியாணி சுமார், குபானி கா மீட்டா என்னும் பாதாமி பழ இனிப்பு நன்றாக இருந்தது. உணவுக்குப் பிறகுதான் அந்தக் கடை. ஐதராபாத் முத்து வணிகத்துக்குப் புகழ்பெற்றது உண்மை. கடலில்லாத ஊரில் நிஜாம்களின் ஆதரவால் முத்துகளைத் துளையிட்டுக் கோக்கும் கைத்தொழில் வளர்ந்ததும், சார்மினாருக்கு அருகிலுள்ள பத்தர்கட்டிக் கடைத்தெருவில் இன்றும் தலைமுறை தலைமுறையாக அத்தொழில் செய்வோர் இருப்பதும் சுவையான வரலாறு. எங்களை இறக்கியதோ பத்தர்கட்டியில் அல்ல. வண்டிகள் நிறுத்த வசதியாகப் பெருஞ்சாலையோரம் அமைந்த, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடக்கும் ஒரு கடையில். முத்து அசலா என்று நெருப்பில் காட்டிச் செய்யும் வித்தை, பிறகு தள்ளுபடி, பிறகு கைத்தறிப் புடவைகள். முக்கால் மணி நேரம் அங்கே போனது. வாங்காதவர்கள் வண்டிக்குத் திரும்ப முடியாதபடி வண்டியைப் பூட்டிவிட்டு ஓட்டுநரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பயணத்திட்டத்தில் இந்த நிறுத்தம் அச்சிடப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்படியாகக் கோல்கொண்டாவை அடைந்தபோது மாலை நான்கு மணி ஆகிவிட்டது. ஐந்து மணிக்கு வாயிலில் இருக்க வேண்டும் என்றார்கள். உச்சியிலுள்ள பாலா ஹிசார் வரை ஏறத்தாழ 360 படிகள். நல்ல நடையுள்ளவருக்கே நிற்காமல் ஏறி இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே குழுவில் பெரும்பாலோர் செய்தது, நுழைவாயில் மண்டபத்தின் கீழே நின்று கைதட்டியது மட்டுமே. அங்கே தட்டும் ஓசை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள உச்சி மண்டபத்தில் கேட்கும் என்பது உண்மைதான். பகைவர் வரவை மேலே அறிவிப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஒரே நேரத்தில் நாற்பது பேர் தட்டினால் மேலே இருப்பவருக்கு எச்சரிக்கை கேட்குமா, கைதட்டல் கேட்குமா என்று தெரியாது.

காக்கதீயர் காலத்து மண்கோட்டையாக இருந்து, பாமினி அரசுக்குச் சென்று, 1518 முதல் குதுப் ஷாஹிகளின் தலைநகராகி, கருங்கல் கோட்டையாக வளர்ந்தது கோல்கொண்டா. சமவெளியிலிருந்து குன்றின் உச்சிக்குத் தண்ணீரைப் படிப்படியாக உயர்த்திச் சென்ற பாரசீகச் சக்கரங்களும் தொட்டிகளும் சுடுமண் குழாய்களும் அமைந்திருந்த இடங்களை இன்றும் அடையாளம் காணலாம். எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் வியப்பளிப்பது கைதட்டல் அல்ல, இந்த நீரேற்றும் முறைதான். அதைக் காட்டும் பாதை நடைவழியிலிருந்து சற்று விலகியிருப்பதால் பேருந்துக் குழுக்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

படிகளில் ஏறும் வழியில் ராமதாசர் சிறை இருக்கிறது. பத்ராசலத்தில் ராமர் கோயில் கட்டுவதற்கு அரசின் வரிப்பணத்தைச் செலவிட்டதாகப் பால்வஞ்சையின் தாசில்தார் காஞ்சர்ல கோபன்னாவை இங்கே அடைத்துவைத்தார்கள். தியாகராஜர் தம் கீர்த்தனைகளில் நினைவுகூரும் அதே பத்ராசல ராமதாசர் அவர். சுவரில் அவரே செதுக்கியதாகச் சொல்லப்படும் உருவங்களுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு இன்றும் வணங்குகிறார்கள். அந்தச் சிறையில் அவரை அடைத்த அரசின் முதன்மை அமைச்சர்களான அக்கன்னாவும் மாதன்னாவும் அவருடைய தாய்மாமன்மார்கள் என்ற செய்தியைச் சேர்த்துப் பார்த்தால், கடைசிச் சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவின் ஆட்சி எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும். 1687ல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் இந்தக் கோட்டை பணியவில்லை. கடைசியில் உள்ளிருந்த ஒருவரின் துரோகத்தால் கதவு திறந்தது. தானா ஷா தௌலதாபாத்தில் சிறைவைக்கப்பட்டு, அருகிலுள்ள குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முற்றுகையிட்ட ஔரங்கசீப்பும் அதே குல்தாபாத்தில்தான் உறங்குகிறார்.

கோஹினூர் இங்கே தோண்டி எடுக்கப்பட்டது என்று வழிகாட்டிகள் பலர் சொல்கிறார்கள். கோல்கொண்டாக் குன்றில் வைரச் சுரங்கம் எதுவும் இல்லை. கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர் போன்ற சுரங்கங்களில் எடுத்த கற்கள் விற்பனைக்கும் பாதுகாப்புக்கும் இங்கே வந்தன. சந்தையின் பெயரே சரக்கின் பெயராக நிலைத்துவிட்டது.

கோட்டை வாயிலைத் தாண்டி வடக்கே ஒரு கிலோமீட்டர் சென்றால் குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். எங்கள் பேருந்து அதைச் சாலையிலிருந்தே காட்டியது. இடப்பக்கம் பாருங்கள் என்றார் வழிகாட்டி, பார்த்தோம், வளைவு திரும்பியது. ஐதராபாத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய இடம் இதுதான் என்பதால், இந்தப் புறக்கணிப்பை எளிதில் மன்னிக்க முடியவில்லை. தானா ஷாவைத் தவிர அந்த மரபின் சுல்தான்கள் அனைவரும் இங்கே ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். மரபை நிறுவிய சுல்தான் குலியின் எளிய கல்லறையில் தொடங்கி, ஜம்ஷீதின் எண்கோண இரட்டை அடுக்குக் கட்டடம் வழியாக, நகரை நிறுவிய முகம்மது குலியின் பெருமாடம் வரை நடந்தால், ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு கட்டடக்கலை எப்படி வளர்ந்தது என்பதைப் புத்தகமின்றிக் கண்ணாலேயே படித்துவிடலாம். முகம்மது குலியின் மகள், அவருக்குப் பின்வந்த சுல்தானின் மனைவி, அடுத்த சுல்தானின் தாய் என்று மூன்று தலைமுறை அரசியலில் செல்வாக்குச் செலுத்திய ஹயாத் பக்ஷி பேகத்தின் கல்லறையும் அங்கே இருக்கிறது.

2013 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக, மாநில மரபுடைமைத் துறையுடன் இணைந்து ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இங்கே நடத்திய சீரமைப்பைக் காண்பதற்கே தனியாக வரலாம். கடந்த நூற்றாண்டில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் பூசிய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரபுவழிச் சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே மீண்டும் பூசியிருக்கிறார்கள். இடிந்து கிடந்த பெரிய படிக்கிணறான படீ பாவ்லியை மீட்டு, அதில் மழைநீர் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். கோல்கொண்டாவின் படிக்கிணறுகளுக்காக 2022ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் சிறப்பு விருது கிடைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் அங்கே நெக்னாம் கானின் கல்லறையைத் தேடிப் பார்க்கலாம். சென்னைப் பகுதியையும் உள்ளடக்கி அன்று கர்நாடகம் எனப்பட்ட நிலப்பரப்பில், சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் படைத்தலைவராக இருந்தவர் அவர். 1640களின் பிற்பகுதியில் கோல்கொண்டாப் படை பூந்தமல்லிச் சீமையைக் கைப்பற்றிய பிறகு, சென்னைப்பட்டினத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோல்கொண்டாவுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகையாகச் செலுத்தினால் போதும் என்று 1672ல் அவர்களுக்கு எழுதிக்கொடுத்தவர் இந்த நெக்னாம் கான். அதே ஆண்டில் அவர் இறந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கதையில் பாதி இந்தத் தோட்டத்தில் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பாதி இல்லாவிட்டாலும் ஓர் அத்தியாயமாவது இங்கேதான் இருக்கிறது.

நாளின் கடைசி நிறுத்தமான உசேன் சாகரில் லும்பினி பூங்காவிலிருந்து படகேறிப் புத்தர் சிலைக்குச் சென்றோம். இந்த ஏரியே 1560களில் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் வெட்டப்பட்டது. பதினெட்டு மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் புத்தரை 1990ல் தெப்பத்தில் கொண்டுசென்றபோது அது கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர்; ஏரிக்கடியில் கிடந்த சிலையை 1992 இறுதியில் மேலெடுத்து நிறுத்தினார்கள். செதுக்கியவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதியோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் நம்மில் அதிகம். விளக்கொளியில் சிலை நன்றாகவே தெரிகிறது. காற்று எதிர்த்திசையில் வீசினால் நீரின் நாற்றமும் நன்றாகவே வரும்.

என் கருத்தில், இந்தச் சுற்றுலாவைத் திருத்துவதற்குக் கூடுதல் செலவு எதுவும் தேவையில்லை, வரிசையைத் திருப்பிப்போட்டாலே போதும். காலை வெயில் ஏறுவதற்குள் கோல்கொண்டா, அடுத்து கல்லறைத் தோட்டம், பிறகு 1578ல் மூசியின் குறுக்கே கட்டிய புரானா புல் வழியாகச் சார்மினார். கோட்டைக்குள் மக்கள் நெருக்கமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மிகுந்து, பாலம் கட்டி, ஆற்றைக் கடந்து, புது நகரம் எழுப்பிய வழியும் அதுதான். இப்போது காய்கறிச் சந்தையாகிவிட்ட அந்தப் பழைய பாலத்தை எந்தப் பேருந்தும் நிறுத்திக் காட்டுவதில்லை. நிஜாம்களின் சவுமஹல்லாவையும் சாலார் ஜங்கையும் இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சார்மினாரை மாலை விளக்கு ஏற்றிய பிறகு பார்ப்பவர்கள், எதிரிலுள்ள நிம்ரா கஃபேயில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள், நடக்க வலுவுள்ளவர்கள், இந்தப் பேருந்தைத் தவிர்த்துவிட்டு ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ செல்வதையே பரிந்துரைப்பேன். மெட்ரோ இப்போதைக்குக் கோல்கொண்டாவுக்கும் இல்லை, சார்மினாருக்கும் இல்லை. எம்ஜிபிஎஸ் (மகாத்மா காந்தி பேருந்து நிலையம்) மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பழைய நகருக்கு ஆட்டோவில் சென்றுவிடலாம். சார்மினாரிலும் கோல்கொண்டாவிலும் இந்தியர்களுக்கு நுழைவுக்கட்டணம் 25 ரூபாய்தான் என்பதால், தனியாகச் சென்றாலும் செலவு பேருந்துக் கட்டணத்தைப் பெரிதாகத் தாண்டாது, நால்வராகச் சென்றால் குறையவும் வாய்ப்புண்டு. ஒரே பகல் மட்டும் கையிலிருப்பவர்களுக்கும், மூத்தவர்களை அழைத்துச் செல்வோருக்கும், கூட்டத்தில் வழி கேட்டுத் திரிய விரும்பாதவர்களுக்கும் இந்தச் சேவை பயன்படும். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் கொடுக்கலாம், அதில் ஒன்றரை வழிகாட்டிக்கு. முன்பதிவு செய்யும்போது கடை நிறுத்தம் உண்டா, கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிடுவார்களா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்: அன்று சாலார் ஜங்கும் சவுமஹல்லாவும் மூடியிருக்கும், மக்கா மசூதியில் ஜும்ஆ தொழுகைக் கூட்டம் இருக்கும், கட்டணத்தில் மட்டும் தள்ளுபடி இருக்காது.